மெர்சிங் போன பிள்ளைகள்

என் அக்கா மகள் லோஷினி நல்ல பள்ளியில் படிக்கிறாள் என்பதற்கு அக்காவிடம் இருந்த ஒரே சாட்சி அவளுடைய ஆங்கிலம். கல்யாண வீடோ, காதுகுத்து வீடோ, எங்கே போனாலும் அக்கா அதைக் கடை விரிப்பாள். "லோஷினி, அந்த வால்கேனோ கதைய அத்தைக்குச் சொல்லும்மா" என்பாள். லோஷினி தொலைக்காட்சியில் வரும் வெள்ளைக்காரப் பெண்களைப் போல வார்த்தைகளை நாக்கில் உருட்டிப் பேசுவாள். அத்தைமார்கள் வாயைப் பிளப்பார்கள். "அமெரிக்கன் சிலபஸ்லா" என்று சொல்லிவிட்டு அக்கா இன்னொரு வடையை எடுத்துக்கொள்வாள். எரிமலை ஏன் வெடிக்கிறது என்று அங்கே யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் லோஷினி சிரித்துச் சமாளித்திருப்பாள்.

பள்ளி மலேசியாவின் ஜொகூரில், கெலாங் பாத்தாவுக்கு வெளியே, முன்பு செம்பனை நின்ற மேட்டில் இருக்கிறது. முழுக்கக் கண்ணாடி. நுழைவாயிலில் பித்தளையில் ஒரு முத்திரை பதித்திருப்பார்கள். அமெரிக்காவில் இருக்கும் ஓர் அமைப்பு கொடுத்த அங்கீகாரம் அது. அது சுவரில் இருக்கும்வரைதான் அந்தப் பள்ளியின் டிப்ளோமாவுக்கு வெளியே மதிப்பு. சில வருடங்களுக்கு ஒருமுறை அந்த அமைப்பிலிருந்து ஆட்கள் வந்து வகுப்புகளைப் பார்ப்பார்கள், பெற்றோரிடம் பேசுவார்கள், பிறகு முத்திரையைப் புதுப்பிப்பார்கள்.

நான் சிங்கப்பூர் துவாஸில் ஒரு கிடங்கில் இரவு வேலை பார்க்கிறேன். படிப்பை ஐந்தாம் படிவத்தில் பாதியில் விட்டவன். அக்கா கஸ்தூரியின் வீட்டில் பின்னறை எனக்கு. மச்சான் ஜெயபாலன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர். அவர் விடியுமுன் எல்லைப் பாலத்தைக் கடப்பார், நான் விடிந்தபின் கடப்பேன். ஒரே வீட்டில் இருக்கிறோம் என்பதே ஞாயிற்றுக்கிழமைகளில்தான் ஞாபகம் வரும். பகலில் வீட்டில் இருப்பவன் சும்மா இருப்பவன் என்பது அக்காவின் கணக்கு. அதனால் லோஷினியைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது என் வேலை.

அப்படி ஒரு மத்தியானம் காரில் ஏறியதும் அவள் சொன்னாள்.

"மாமா, நாங்க மெர்சிங் போறோம். ஃபீல்ட் ட்ரிப். போட்ல ஐலண்ட் போயி கோரல் பார்க்கப் போறோம்."

"எல்லாருமா?"

"செலக்டட் ஸ்டூடண்ட்ஸ் மட்டும்."

"ஓஹோ. யார் யாரு?"

அவள் விரல் மடக்கினாள். போன மாதம்தான் வந்து சேர்ந்த, இன்னும் வாய் திறக்காத கொரியப் பையன். வகுப்பில் தூங்கும் டேரில். எழுத்துகள் தலைகீழாகத் தெரிகிறது என்று சொல்லும் ஒரு பெண். "அப்புறம் வேற கிரேட்லேருந்தும் கொஞ்சம் பேரு."

"உன் ஃபிரண்டு, அந்த மேத்ஸ் புலி? அவ போகலையா?"

"இல்ல மாமா. பாவம். அன்னிக்கி அமெரிக்காலேருந்து விசிட்டர்ஸ் வராங்க. அவ கிளாஸ்ல பிரசண்ட் பண்ணணும்."

நான் சிக்னலில் நின்றேன். பச்சை விழுந்தும் நின்றிருந்தேன். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

நான் படித்த அரசாங்கப் பள்ளிக்குக் கல்வி அமைச்சிலிருந்து ஆய்வாளர்கள் வருவார்கள். நாசிர் என்று சொல்வோம். நாசிர் வரும் நாளில் கடைசி வகுப்புக்குப் பாடம் கிடையாது. கோத்தோங் ரோயோங், அதாவது கூட்டுத் துப்புரவு. கடைசி வகுப்பின் பெயர் 'மாஜு'. மலாயில் முன்னேற்றம் என்று பொருள். முன்னேற்றத்தில் இருந்த நாங்கள் திடலுக்குப் பின்னால், நாசிரின் கண் எட்டாத இடத்தில் புல் பிடுங்குவோம். ஆளுக்கு ஒரு மீஹூன் பொட்டலமும் சிரப் தண்ணீரும் கொடுப்பார்கள். சந்தோஷமாகத்தான் போனோம். மழை பெய்தால்கூட வகுப்புக்குத் திரும்பக் கூடாது, சைக்கிள் கொட்டகையில் நிற்க வேண்டும் என்று ஆசிரியர் சொன்ன அன்றுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

புல்லுக்குப் பதில் பவளப்பாறை. மற்றபடி வித்தியாசம் ஒன்றுமில்லை.

வீட்டில் அக்கா இரட்டைச் சந்தோஷத்தில் இருந்தாள். மகள் தேர்ந்தெடுக்கப்பட்டவள். அவளும் தேர்ந்தெடுக்கப்பட்டவள். சோதிக்க வருகிறவர்களிடம் பேசப் பெற்றோர் சிலரைப் பள்ளி பொறுக்கியிருந்தது, அதில் அவளும் ஒருத்தி.

"நம்பள மாதிரி ஆள இதுக்கெல்லாம் கூப்புடுவாங்களாடா? கூப்புட்டிருக்காங்க" என்றாள். அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது.

நான் நாசிர் கதையைச் சொன்னேன். அவள் மீனைத் திருப்பிப் போட்டாள்.

"உன் பள்ளிக்கூடத்தையும் அதையும் ஒண்ணா வைக்கிறியா?"

"கூட்டிட்டுப் போற பிள்ளைங்க யாருன்னு கேட்டுப் பாரு, அக்கா."

"உனக்கு எல்லாமே கோணலாத்தான் தெரியும். தூங்காத கண்ணு. போயி படு."

நான் படுக்கவில்லை. கூடத்தில் லோஷினியின் அட்டை ஒன்று சாய்த்து வைத்திருந்தது. கன அளவு பற்றிய கணிதத் திட்டப்பணி. மீன் தொட்டி ஒன்றை வரைந்து, ஜிகினாத் தூள் ஒட்டி, மூலையில் பெரிய ஏ வாங்கியிருந்தாள். படம் உண்மையிலேயே அழகாக இருந்தது.

"இந்தத் தொட்டியில எவ்ளோ தண்ணி புடிக்கும்?" என்று கேட்டேன். நீளம், அகலம், உயரம் எல்லாம் அவள் கையாலேயே எழுதியிருந்தது.

"அத நாங்க செய்யல மாமா. நாங்க ரிஃப்ளெக்‌ஷன்தான் எழுதுனோம். இந்த ப்ராஜெக்ட் செய்யும்போது எனக்கு என்னா ஃபீல் ஆச்சுன்னு."

"என்னா ஃபீல் ஆச்சு?"

"பசி" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவள் முட்டாள் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

லோஷினிக்குப் பதினான்கு வயது முடியப்போகிறது. இந்த ஆண்டோடு அரசாங்கப் பள்ளிக்குத் திரும்பினால் மலாயைத் தேற்றி ஐந்தாம் படிவ அரசாங்கத் தேர்வான எஸ்.பி.எம். எழுதலாம். அதை விட்டால் அந்தக் கதவு மூடிவிடும். பிறகு அவள் கையில் இருக்கப்போவது பித்தளை முத்திரைக்காரர்கள் ஒப்புக்கொண்ட டிப்ளோமா ஒன்றுதான். அவளுக்கு ஏற்கெனவே மலாயில் ஒரு பத்தி எழுத வராது. ரொட்டி சானாய் கடையில்கூட அவள் ஆங்கிலத்தில் கேட்க, கடைக்காரர் தமிழில் பதில் சொல்வார். அவளைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று நான் நினைத்தேன். அக்கா பார்த்தாக வேண்டும், அவ்வளவுதான். பார்த்துவிட்டால் அவளே கூட்டிவந்துவிடுவாள் என்று நம்பினேன்.

மச்சானுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. தனியாகப் போக அக்காவுக்குப் பயம். அவளுடைய ஆங்கிலம் தொலைபேசியில் பீட்சா ஆர்டர் செய்யும் அளவுக்குத்தான். "நீ வா. பக்கத்துல குந்து. வாயத் திறக்காத" என்றாள்.

முந்தின நாள் பெற்றோருக்கு ஒத்திகை வைத்தார்கள். அதற்கு ஒத்திகை என்று பெயரில்லை, தேநீர் விருந்து என்று பெயர். நடத்தியவள் மாணவர் சேர்க்கைப் பிரிவின் ஷர்மினி. எங்கள் ஆள்தான். கூட்டத்தில் அவள் பேசிய ஆங்கிலம் லோஷினியுடையதைவிட அதிகமாக உருண்டது. கூட்டம் முடிந்து நடைபாதைக்கு வந்ததும் காலணியைத் தளர்த்திவிட்டதைப் போலத் தமிழுக்கு மாறினாள்.

"அக்கா, பயப்படாதீங்க. உங்க மனசுல பட்டத சொல்லுங்க. நல்லதா மனசுல படணும், அவ்ளோதான்."

அக்கா சிரித்தாள். நான் கேட்டேன்: "அந்த மெர்சிங் ட்ரிப்ப ஏன் நாளைக்கே வச்சீங்க?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நீளக் கால்சட்டைதான் போட்டிருந்தேன், ஆனால் காலில் கிடங்குப் பூட்ஸ்.

"நீங்க லோஷினிக்கு?"

"மாமா."

"கடல் அலையெல்லாம் நம்ப கையிலயா இருக்கு? போட்டு எப்ப கெடைக்குதோ அப்பத்தான்." பிறகு அக்காவின் பக்கம் திரும்பிக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ஒண்ணு சொல்றேன். என் மகன் இங்கதான் படிக்கிறான். நல்லா இல்லாட்டி நான் சேர்ப்பேனா?"

அந்த ஒரு வாக்கியத்துக்குமேல் யாரும் கேள்வி கேட்க முடியாது. வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கா அதையே சொன்னாள். "அவங்க மகனே அங்கதான்டா."

மறுநாள் வேலை முடிந்து நேராகப் போனேன். பெட்ரோல் நிலையத்தில் முகம் கழுவிச் சட்டை மாற்றினேன். மெர்சிங் பேருந்து அதற்கு முன்பே கிளம்பிவிட்டிருந்தது. பள்ளி புதிதாகத் துடைத்த தட்டைப் போல இருந்தது. வகுப்புகளின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எல்லாக் கைகளும் உயர்ந்திருந்தன. எந்த வகுப்பிலும் தலை கவிழ்ந்த பிள்ளை இல்லை. கொஞ்சம் நாற்காலிகளைக்கூடக் குறைத்திருந்தார்கள், காலி இடம் தெரியாதபடி. எங்கள் பள்ளியில் இந்த அறிவு இல்லை. நாங்கள் புல் பிடுங்கியபோது எங்கள் நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்துதான் கிடந்தன.

நூலகத்தில் வட்டமாக உட்கார்த்திவைத்தார்கள். வந்தவர்கள் இருவர். நரைத்த தலையைக் குட்டையாக வெட்டிய ஒரு வெள்ளைக்கார அம்மா, அதிகம் பேசாத ஓர் ஆண். பள்ளிக்காரர்கள் உள்ளே இருக்கக் கூடாது என்பது விதி. ஷர்மினி கதவுக்கு வெளியே நின்றாள். கதவும் கண்ணாடிதான்.

அந்த அம்மா நல்லவள். நிதானமாகப் பேசினாள், எங்கள் பெயர்களைச் சரியாக உச்சரிக்க முயன்றாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: உங்கள் பிள்ளை கற்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி. அதுவரை அந்தப் பள்ளியைப் பற்றி யாரும் கேட்காத கேள்வி.

ஜொகூர் பாருவில் மூன்று தளபாடக் கடை வைத்திருக்கும் டத்தோ பட்டக்காரர் ஒருவர், தன் மகன் இப்போது எல்லோர் முன்னாலும் தயங்காமல் பேசுகிறான் என்றார். பட்டுத் துணியால் தலையை மூடிய மலாய் அம்மா, தன் மகள் காலையில் அழாமல் பள்ளிக்குப் போகிறாள் என்றாள். கொரியப் பெண்மணி தலையை மட்டும் ஆட்டினாள். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். பிள்ளை பேசுகிறது, சிரிக்கிறது, பயப்படுவதில்லை. என்ன கற்றது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. ஒருவருக்கும் தெரியாது. சொல்லிக்கொடுத்ததைப் பிள்ளையிடம் திருப்பிக் கேட்டுப் பார்க்கிற பெற்றோர் யாரும் அந்த வட்டத்தில் இல்லை.

அக்காவின் முறை வந்தது. மனப்பாடம் செய்திருந்தாள். "மை டாட்டர் இஸ் வெரி கான்ஃபிடண்ட்" என்று சொல்லி முடித்துத் தொண்டையைச் செருமினாள். அந்த அம்மா நன்றி சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்கள், சார்?"

அக்காவின் முழங்கை என் விலாவில் இடித்தது.

கிடங்கில் பிலிப்பினோக்களோடும் சீனர்களோடும் பேசிப் பழகிய ஆங்கிலம் என்னுடையது. அதில் சொன்னேன். என் அக்கா மகள் இன்று இங்கே இல்லை. மெர்சிங்கில் இருக்கிறாள். அவளோடு ஒரு பேருந்து நிறையப் பிள்ளைகள் போயிருக்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்தான். அவர்களைப் பார்க்காமல் எப்படிப் பள்ளியை மதிப்பிடுவீர்கள்?

டத்தோ கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினார். கொரியப் பெண்மணி தலையாட்டுவதை நிறுத்தினாள். அந்த அம்மா பேனாவை எடுத்தாள். கண்ணாடிக்கு வெளியே ஷர்மினிக்கு எங்கள் குரல் கேட்டிருக்காது, ஆனால் பேனா எடுத்ததைப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளைகளை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?" என்று அந்த அம்மா கேட்டாள்.

நான் வாயைத் திறக்குமுன் அக்கா பேசினாள். ஆங்கிலத்தில் பேசினாள். எங்கிருந்து வந்ததோ தெரியாது, ஒரு வார்த்தை தடுக்கவில்லை.

"மேடம், நான்தான் கேட்டு அனுப்பினேன். என் மகளுக்குக் கடல் பிடிக்கும். அவள் சைன்ஸ் படிக்க வேண்டும். என் தம்பி இரவு வேலை பார்க்கிறவன், இன்னும் தூங்கவில்லை. அவன் பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. எந்தப் பள்ளியைப் பார்த்தாலும் அவனுக்குக் கோபம் வரும். நீங்கள் தப்பாக நினைக்காதீர்கள்."

அந்த அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேலி இல்லை, இரக்கம் இருந்தது. கேலியாக இருந்திருந்தால் பரவாயில்லை. பேனாவை மூடினாள். "பகிர்ந்துகொண்டதற்கு நன்றி" என்றாள்.

காரில் ஏறிக் கதவை அடைத்ததும் நான் கத்துவேன் என்று நினைத்திருந்தேன். அக்காதான் கத்தினாள்.

"நீ என்னத்தடா கண்டுபுடிச்சிட்ட? எனக்குத் தெரியாதா? நாசிர் வந்தப்ப நீ புல்லுப் புடுங்குன. உன் மண்ணு சட்டைய அலசுனது யாரு? அம்மாவா? நான்."

"தெரிஞ்சுமா பொய் சொன்ன?"

"என்னா செய்யச் சொல்ற? லோஷினி பேர எழுதிக்கிட்டா என்னா ஆவும்? அந்த அம்மா ப்ளேன் ஏறிப் போயிரும். நாளைக்கு அந்தக் கேட்டுக்குள்ள நிக்கப்போறது என் பிள்ளை. 'உங்க மகளுக்கு வேற எடம் பாருங்க'ன்னு சிரிச்சிக்கிட்டே சொல்லுவாளுங்க."

"சொன்னா நல்லதுதானே. கவர்ன்மெண்ட் ஸ்கூலுக்குக் கூட்டிட்டு வா. இப்பவே வந்தா எஸ்.பி.எம்..."

"எந்தக் கிளாஸ்ல போடுவாங்க?"

நான் ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன்.

"சொல்லுடா. மலாய் எழுதத் தெரியாத பிள்ளைய எந்தக் கிளாஸ்ல போடுவாங்க? நீ இருந்த கிளாஸ்லதானே? அஞ்சாம் ஃபார்ம் வரைக்கும் குந்தி, அப்புறம் துவாஸ்ல பெட்டி தூக்கணும். அதான் உன் ஐடியாவா?" அவள் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அந்தக் கூட்டத்துக்காகவே கட்டிய சேலை. "இவனுங்க ஒளிச்சி வச்சாலும் கடலுக்குக் கூட்டிட்டுப் போறானுங்க. உங்க ஆளுங்க உன்ன வெயில்ல நிக்க வச்சாங்க. ரெண்டுல எது மேல்னு நீயே சொல்லு."

அவள் பார்த்துவிட்டால் கூட்டிவருவாள் என்று நம்பியிருந்தேன். அவள் எனக்கு முன்பே பார்த்துவிட்டிருந்தாள். பார்த்துத்தான் விட்டுவைத்திருந்தாள். சேர்க்கும்போது தெரியாது, தெரிந்தபோது மகளின் மலாய் போய்விட்டது. திரும்ப இடமில்லாத பாதையில் லாரி ஓட்டுகிறவன் நேராகத்தான் போவான்.

"அவ இங்கதான் படிப்பா" என்றாள். "மச்சான்கிட்ட ஒரு வார்த்த சொன்ன, உன் பைய ரோட்டுல வச்சிருவேன்."

பேருந்து சாயங்காலம் திரும்பும் என்றார்கள். நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. சோதிக்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு பள்ளியின் வேன் வெளியே போனது. அதன் பிறகே பெற்றோரின் கார்கள் ஒவ்வொன்றாக வந்து பித்தளை முத்திரைக்கு எதிரே நின்றன. முதலில் வந்தது டத்தோவின் கார். நூலகத்தில் மகனின் பேச்சுத் திறமையைச் சொன்ன அதே டத்தோ. எங்களைப் பார்த்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டார். கொரியப் பெண்மணி வந்து மரத்தடியில் நின்றாள். கூட்டத்தில் இல்லாத இன்னும் பலர் வந்தார்கள். யாரும் யாரிடமும் பேசவில்லை. எதற்காக நிற்கிறோம் என்று எல்லோருக்கும் தெரிந்தால் அங்கே பேச்சு வராது. அரசாங்க மருத்துவமனையில் சில வார்டுகளுக்கு வெளியே இப்படி நிற்பார்கள்.

பேருந்து வந்தது. பிள்ளைகள் கருத்து, தலையெல்லாம் உப்பாக, கத்திக்கொண்டே இறங்கினார்கள். டேரில் இறங்கினான், அவன்தான் டத்தோவின் மகன். கொரியப் பையன் இறங்கி அம்மாவிடம் ஏதோ ஓயாமல் சொல்ல ஆரம்பித்தான். அவன் வாய் திறந்து அன்றுதான் பார்த்தேன்.

பள்ளிக்குள்ளிருந்து ஷர்மினி வந்தாள். பிள்ளைகளை வரவேற்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். கழுத்தில் அலுவலக அட்டை இல்லை, கழற்றிவிட்டிருந்தாள். படியருகே நின்றாள். கடைசியாக ஒரு பையன் இறங்கினான். உயரமானவன், ஒரு காலில் மட்டும் செருப்பு. அவள் அவன் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இன்னொரு செருப்பு எங்கடா?"

"கடல்ல போச்சும்மா."

திரும்பியபோது அக்காவைப் பார்த்தாள்.

"தேங்க்ஸ் அக்கா" என்றாள் ஷர்மினி. மெதுவாக, தமிழ் உச்சரிப்பில்.

"பையன் ரொம்பக் கறுத்துட்டான்" என்றாள் அக்கா. "தயிர் தேச்சி விடுங்க."

என்னை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

லோஷினி பின்னிருக்கையில் ஏறி ஈரத் துண்டை என் தோளில் போட்டாள். கார் முழுக்கக் கடல் நாற்றம். ஆமை பார்த்தாளாம். போட்டில் டேரில் வாந்தி எடுத்தானாம், மீன்கள் அதைத் தின்றனவாம். அலமாக், அந்தக் கொரியப் பையன் எப்படி நீந்துகிறான் தெரியுமா என்றாள். இடையில் மூச்சு விடவே இல்லை. நன்றாக இருந்திருக்கிறது. அவளைப் பொறுத்தவரை அந்த ஆண்டின் சிறந்த நாள்.

"விசிட்டர்ஸ் வந்தாங்களாம்மா?" என்று திடீரென்று கேட்டாள்.

"வந்தாங்க."

"ஓகே சொல்லிட்டாங்களா?"

"சொல்லிருவாங்க" என்றாள் அக்கா.

"அவங்க திரும்ப வரும்போது எங்கள தியோமான் ஐலண்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்களாம். அங்க தங்கிட்டு வரலாமாம். டீச்சர் சொன்னாங்க." ஜன்னலை இறக்கிக் கையை வெளியே நீட்டினாள். "நான் வரேன்னு இப்பவே சொல்லிட்டேன். ஸ்மார்ட்டான பிள்ளைங்க வர முடியாது மாமா, பாவம்."

அக்கா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச தூரம் போனபிறகு சொன்னாள்.

"அடுத்த தடவ கைநீளச் சட்டை எடுத்துட்டுப் போ."